வீட்டு ஸ்டுடியோவுக்கு 88 கட்டை கீபோர்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பியானோவில் ஐந்தாம் கிரேடு வரை படித்துவிட்டுப் பல ஆண்டுகள் தொடாமல் இருந்ததாகவும், இப்போது படுக்கையறை மூலையில் லேப்டாப்பும் ஹெட்போனுமாக ஒரு சிறு ஸ்டுடியோ அமைப்பதாகவும், 60,000 ரூபாய்க்குள் 88 கட்டை வெயிட்டட் மிடி கன்ட்ரோலர் எது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு துணைக் கேள்விகள். செமி வெயிட்டடே போதும் என்று கடைக்காரர் சொல்கிறாரே, நம்பலாமா? பழைய சிறிய கீபோர்டில் ஒலி தாமதமாக வருகிறது, புதியது வாங்கினால் சரியாகுமா? மாடல் பெயர் ஒன்றைச் சொல்லி இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. விரல் ஒருகாலத்தில் கற்றுக்கொண்டது வீணாகாமல் இருக்க வேண்டும்; அதற்குக் கொடுக்கும் பணம் எந்தப் பாகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே கேள்வி. அதற்கு என் பதில் ஒன்றுதான்: கட்டைகளுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். கட்டைகளை மட்டும் மாற்ற முடியாது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவுகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பழுது பார்க்க அருகில் ஆள் கிடைக்காததால் என் கீபோர்டை நானே திறக்கத் தொடங்கி, பிறகு நண்பர்களுடையதையும் திறந்து பழகியவன். மிக விலை உயர்ந்த கருவிகளோடு என் பழக்கம் பிறர் ஸ்டுடியோக்களில் சில மணி நேரம் உட்கார்ந்த அளவுதான். அதனால் அவற்றைப் பற்றிய என் அபிப்பிராயத்தை அந்த எடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலருக்குள் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்று கணினிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அப்படிச் சொல்லும் மொழிதான் மிடி. கட்டை என்று நான் சொல்வது கீயைத்தான். ஆர்மோனியக் காலத்திலிருந்தே நம் ஊரில் அதற்கு அதுதான் பெயர். ‘ஐந்து கட்டை சுருதி’ என்பதும் அந்த வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொன்னதே. கடையில் இவை மூன்று வகையாக வரும். முதல் வகையில் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருக்கும். தொட்டால் உடனே இறங்கி உடனே எழும். செமி வெயிட்டட் என்பதும் ஸ்பிரிங்தான், கட்டையோடு சிறிது எடை சேர்த்திருப்பார்கள். மூன்றாவது, நீங்கள் கேட்ட முழு வெயிட்டட் வகையான ஹேமர் ஆக்‌ஷன். ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் அல்லது கீழேயும் எடையுள்ள ஒரு நெம்பு உட்கார்ந்திருக்கும், கட்டையை அழுத்தினால் அது எழும்பும். பியானோவில் விரல் உணரும் தயக்கமும் பிறகு வரும் வேகமும் இந்த எழும்பலால் கிடைப்பவை. முதல் இரண்டும் எதிர்த்துத் தள்ளும். இது எடை போட்டு நிற்கும். பியானோ பழகிய கைக்கு இந்த வேறுபாடு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே உங்கள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரியல்ல. தாளம், பேஸ், ஸ்டிரிங்ஸ் மட்டும் போடுகிற ஒருவரிடம் அவர் அதையே சொல்லியிருந்தால் முழுக்கச் சரி. ஹேமர் கட்டையில் விரலால் மிருதங்கச் சொற்களை வேகமாகத் தட்டிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும்.

கருவி விரலின் பலத்தை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது நேரத்தை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரால் ஆன இரண்டு சிறு குமிழ்கள், அவற்றின் உள்ளே கார்பன் பொட்டுகள். கட்டை இறங்கும்போது முதல் பொட்டு சர்க்யூட்டைத் தொடும், அடுத்த கணம் இரண்டாவது தொடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்தால் பலத்த அடி, கூடினால் மெல்லிய தொடல். இதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி அனுப்புகிறது. மிடி தொடங்கிய 1983லிருந்து இந்தக் கணக்குதான். நண்பர் ஒருவரின் கீபோர்டில் நடுவே ஒரு கட்டை மட்டும் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அலறிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரில் கோளாறு என்று எண்ணி இரண்டு முறை மாற்றிப் பதிந்திருக்கிறார். அடித்தட்டின் திருகுகளை எல்லாம் கழற்றி, கட்டைகளைப் பிரித்து, ரப்பர் பட்டையைத் தூக்கிப் பார்த்தால் அந்த ஒரு குமிழுக்குள் ஊதுவத்திச் சாம்பலும் ஒரு தலைமுடியும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொட்டையும் பலகையையும் துடைத்து, உலரவிட்டு, திரும்பப் பொருத்தினோம், கட்டை அடங்கிவிட்டது. பூஜை அலமாரிக்குக் கீழே கீபோர்டை வைத்திருந்தார். பழைய கருவி வாங்குவதாக இருந்தால் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒன்றிரண்டு அலறினாலோ ஊமையானாலோ பெரும்பாலும் இதுதான் காரணம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் அரை நாள் வேலை. அதை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

சில கருவிகளில் இரண்டுக்குப் பதில் மூன்று சென்சார்கள் இருக்கும். இரண்டு மட்டும் இருந்தால், ஒரே ஸ்வரத்தை மீண்டும் ஒலிக்கக் கட்டை கிட்டத்தட்ட முழுவதும் மேலே வந்தாக வேண்டும். மூன்று இருந்தால் பாதி எழும்பிய நிலையிலேயே அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஒரே கட்டையைத் தட்டும் இடங்களிலும், கட்டையை முழுக்க விடாமல் மெல்லத் தொடர்ந்து வாசிக்கும் இடங்களிலும் இதன் அருமை தெரியும். ஐந்தாம் கிரேடு வரை போனவருக்கு இது பயன்படும். அட்டைப்பெட்டியில் இதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்; விவரக் குறிப்பில் தேட வேண்டியிருக்கும்.

‘வெயிட்டட்’ என்ற சொல் மட்டும் எதையும் உறுதிசெய்யாது. எவ்வளவு எடை என்று அது சொல்வதில்லை. சாதாரண பியானோவில் நடுப்பகுதிக் கட்டையை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் போதும். கட்டை இறங்கும் ஆழம் சுமார் 10 மி.மீ. பியானோ டெக்னீஷியன்கள் இதற்கென்று சிறு எடைக்கற்கள் வைத்திருப்பார்கள். நமக்குப் பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். நடு ஸட்ஜக் (மிடில் சி) கட்டையின் முன்விளிம்புக்கு அருகே ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஆறு ஏழு நாணயத்தில் கட்டை தானாக மெல்ல இறங்கினால் பியானோவை ஒட்டிய எடை. பத்து வைத்தும் அசையவில்லை என்றால் அது விரலை உழைக்க வைக்கப் போகிறது. கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும். ஆனால் இது நிற்கும் எடையை மட்டுமே சொல்கிறது. ஓடும்போது அந்த நெம்பின் கனம் விரலில் எப்படி விழுகிறது என்பதை வாசித்துத்தான் உணர முடியும். இரண்டு கருவிகளில் நாணயக் கணக்கு ஒன்றாகவே வந்தும் ஒன்று சேறு போலவும் மற்றது தண்ணீர் போலவும் இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஆகவே கடையில் கால் மணி நேரம் கேளுங்கள். நாற்காலி கேளுங்கள், நின்றுகொண்டு பியானோ கட்டையைச் சோதிக்கக் கூடாது. முதலில் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு வாசியுங்கள். அப்போது வருகிற ‘டொக் டொக்’ சத்தம்தான் இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் கேட்கப் போவது. அடுக்குமாடியில் அது ஸ்டாண்டின் கால் வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கும் இறங்கும். அடுத்து, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அதன் வேர்ப்பக்கத்தில் அழுத்துங்கள். முன்பின் ஆழம் குறைந்த கருவிகளில் கட்டை சுழலும் அச்சு மிக அருகில் இருக்கும். கடப்பாரையை முனையில் பிடிக்காமல் நடுவில் பிடித்து நெம்புவது போல அங்கே கட்டை இறங்க மறுக்கும். ஈ பிளாட், பி பிளாட் போன்ற ஸ்கேல்களில் கார்டு பிடிக்கும்போது கை அடிக்கடி உள்ளேதான் போகும். கடைசியாக, பக்கத்துக் கட்டைகள் இரண்டை மிக மென்மையாக மாற்றி மாற்றி வாசியுங்கள். மெல்லிய ஒலியில் சில ஸ்வரங்கள் விழாமல் தவறினால் வேறு கருவியைப் பாருங்கள். பலமாக வாசிக்க எல்லாக் கீபோர்டும் இடம் கொடுக்கும், மெதுவாக வாசிக்கத்தான் நல்லது வேண்டும்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத பகுதி. உங்கள் தொகைக்குள் கன்ட்ரோலர் என்ற பெயரில் விற்கப்படுவதை விட, யுஎஸ்பி உள்ள ஒரு தொடக்கநிலை டிஜிட்டல் பியானோ உங்களுக்கு நல்ல கன்ட்ரோலராக இருக்கும் என்பது என் எண்ணம். கன்ட்ரோலரில் தட்டி வாசிக்கும் பேடுகள், திருகிகள், திரை, உடன் வரும் சாஃப்ட்வேர் என்று பணம் பல பக்கம் பிரிந்துவிடுகிறது. டிஜிட்டல் பியானோவில் ஒன்றிரண்டு பொத்தான்கள் மட்டுமே, மிச்சமெல்லாம் கட்டை. ரோலண்ட் எஃப்பி-10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரோலண்டின் விலை கூடிய கன்ட்ரோலரான ஏ-88 எம்கே2இல் உள்ள அதே பிஹெச்ஏ-4 கட்டைகள்தான் அதிலும், மூன்று சென்சார்களோடு. யமஹா பி-145, கவாய் இஎஸ்120 ஆகியவற்றையும் உட்கார்ந்து பாருங்கள். கோர்க் டி1இன் கட்டைகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் யுஎஸ்பி கிடையாது. பழைய ஐந்து முள் மிடி மட்டும்தான், நடுவே ஓர் இணைப்புக் கருவி தேவைப்படும். கன்ட்ரோலர்தான் வேண்டும் என்றால் பிராண்டைக் கேட்காமல் உள்ளே எந்தக் கட்டைத் தொகுதி என்று கேளுங்கள். இத்தாலியில் ரெகனாத்தி என்ற ஊரில் இருக்கும் ஃபாத்தார் நிறுவனம் பல பிராண்டுகளுக்கும் கட்டைகள் செய்து கொடுக்கிறது. அதன் டிபி100 வகை, அவர்களுடைய சொந்த ஸ்டுடியோலாஜிக் எஸ்எல்88 ஸ்டுடியோவிலும் இருக்கிறது, ஆர்ட்டூரியா கீலேப் 88 எம்கே2இலும் இருக்கிறது. சட்டை வேறு, உடம்பு ஒன்று.

டிஜிட்டல் பியானோவை இப்படிப் பயன்படுத்தும்போது ஒரு சிறு தொல்லை வரும். கருவியின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அது முடியாவிட்டால் கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டால் போதும்.

இழப்பு இல்லாமல் இல்லை. டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலும் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்காது, ஒலிக்கு அதிர்வு போன்றவற்றைச் சேர்க்கும் மாடுலேஷன் சக்கரம் இருக்காது, அழுத்திய பிறகும் விரலின் அழுத்தத்தை உணரும் ஆஃப்டர்டச் இருக்காது. நம் இசைக்கு முதலாவது பெரிய குறை. தோடியின் காந்தாரத்தைக் கட்டையில் அடித்தால் அது வெறும் ஸ்வரம். இடக்கையால் சக்கரத்தை அசைத்தால்தான் கமகம். கணினிக்குப் போகும் அந்த அசைவுக்கு 16,384 படிகள் இருக்கின்றன, ஆகவே வளைவு வழவழப்பாகவே கிடைக்கும். புல்லாங்குழல், வயலின், நாதஸ்வர ஒலிகளை வாசிக்க நினைத்தால் சக்கரம் இல்லாமல் முடியாது. இதற்காக 88 கட்டைக் கன்ட்ரோலருக்கு ஏகப்பட்ட பணம் கொடுப்பதை விட, டிஜிட்டல் பியானோவுக்கு மேலே 25 கட்டையுள்ள சிறிய ஸ்பிரிங் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொள்வதே என் வழக்கம். ராகம், தாளம், ஆர்கன் எல்லாம் அதில், பியானோ கீழே. ஒரே கருவியில் எல்லாம் வேண்டும் என்று தேடியபோதுதான் நான் இரண்டு முறை பணத்தை விட்டேன். சின்னதை வாங்கும்போதும் பாருங்கள், சிலவற்றில் சக்கரத்துக்குப் பதில் தொட்டுத் தடவும் பட்டை இருக்கும். கமகத்துக்கு எனக்கு அது சரிப்படவில்லை. உங்களுக்குச் சரிப்படலாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவதில் கருத்து வேறுபாடு உண்டு. மெல்லிய கட்டையில் பழகினால் பியானோ விரல் கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள், சிலர் மறுப்பார்கள். கெடுவதை நான் கண்டதில்லை. ஆனால் ஸ்பிரிங் கட்டையில் மட்டும் ஓராண்டு வாசித்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒலி அடக்கம் வர ஒரு வாரமாவது ஆனதைக் கண்டிருக்கிறேன். மரக்கட்டை உயர்ந்ததா என்றால், கணினிக்குப் போவது எண்தான், மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒலி ஒன்றே. கைக்கு வேறுபாடு இருக்கலாம். மரக்கட்டை உள்ள கவாய் விபிசி1 கன்ட்ரோலரில் அந்தச் சுகம் உண்மை, ஆனால் அது 29.5 கிலோ, சக்கரங்களும் கிடையாது, உங்கள் தொகைக்கும் எட்டாது. மிடியின் புதிய வடிவமான மிடி 2.0 வந்துவிட்டதே, காத்திருக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அதில் தொடலின் அளவு 127 படிகளுக்குப் பதில் 65,536 படிகள். காகிதத்தில் பெரிய தாவல்தான். 127ஐயே நம்மில் பலர் முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பதால் அதற்காக மட்டும் நான் காத்திருக்க மாட்டேன்.

தாமதத்துக்குப் பழைய கீபோர்டைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய மிடி கேபிளிலேயே ஒரு ஸ்வரச் செய்தி போய்ச் சேர ஒரு மில்லி செகண்டுதான் ஆகிறது. தாமதம் கணினியின் ஆடியோ பஃபரில், அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்பும் இடத்தில் இருக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு) வேகத்தில் பஃபர் 512 என்று வைத்திருந்தால் அது மட்டுமே 11.6 மில்லி செகண்டைத் தின்னும். 128 ஆக்கினால் 2.9. விண்டோஸ் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டியின்) சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளைப் போட்டிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வயர் உள்ளதைச் செருகுங்கள். புதிய கீபோர்டு வாங்குவதற்கு முன்பே பாதித் தொல்லை போய்விடும்.

வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள். 88 கட்டைகள் மட்டுமே 122 செ.மீ. அளவு, பெட்டியும் சேர்ந்தால் 130ஐத் தாண்டலாம். எடை பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும், ஆகவே தினமும் எடுத்து வைக்கலாம் என்ற திட்டம் ஒரு வாரம்கூட நிலைக்காது. உயரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பியானோவில் வெள்ளைக் கட்டைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 72 முதல் 74 செ.மீ. உயரத்தில் இருக்கும். கணினி மேசையே 75 செ.மீ. வரும், அதன்மேல் கீபோர்டை ஏற்றினால் கட்டைகள் 85க்குப் போய்விடும், தோள் தூக்கிக்கொள்ளும், இரண்டு மாதத்தில் கழுத்து வலி. நான்கு கால் உள்ள தனி ஸ்டாண்டு வாங்கிக் கீபோர்டை அதில் வைத்து, லேப்டாப்பைப் பக்கவாட்டில் வையுங்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் பெரும்பாலானவை ஹேமர் கட்டையைப் பலமாக வாசித்தால் ஆடும், முழங்காலிலும் இடிக்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டாருடன் உறவு நீடிக்கும்.

ஒலியை நீட்டிக்கப் பெட்டியோடு வரும் சதுரமான பிளாஸ்டிக் பெடலை ஓர் ஓரமாக வையுங்கள், தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பியானோ பெடல் வடிவில், கனமான அடியுள்ள ஒன்றுக்குத் தொகையில் இடம் ஒதுக்குங்கள். பெடலைப் பாதி மட்டும் அழுத்தி ஒலியை ஓரளவு நீட்டும் அரைப் பெடல் வேண்டுமானால் பெடல், கீபோர்டு, பியானோ சாஃப்ட்வேர் மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் வெறும் திறப்பு-மூடல்தான். பெடலை அழுத்தினால் ஒலி நின்று, விட்டால் நீள்கிறதா? பெடலும் கருவியும் எதிர்எதிர் முறையில் செய்யப்பட்டவை. பெடலைச் செருகிய பின்பே கருவியை ஆன் செய்யுங்கள். பல கருவிகள் அந்தக் கணத்தில் பெடல் இருக்கும் நிலையைத்தான் ‘விட்ட நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். அப்போது கால் பெடல்மேல் இருந்தால் அன்று முழுவதும் தலைகீழ்தான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், பியானோ ஒலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு வேலை. ஒரு ஸ்கேலை உங்களால் முடிந்த மிக மெல்லிய ஒலியிலும், நடுத்தரத்திலும், முழு பலத்திலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். திரையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். முழு பலத்துக்கும் 95ஐத் தாண்டவில்லை என்றால் சாஃப்ட்வேரில் உள்ள பளிச்சென்ற பியானோ ஒலிகள் உங்களுக்குக் கேட்கவே போவதில்லை. நடுத்தரமே 110ஐத் தொட்டால் எல்லாமே அடிதடியாகக் கேட்கும். கீபோர்டிலோ சாஃப்ட்வேரிலோ ‘வெலாசிட்டி கர்வ்’ என்று, தொடல் எந்த எண்ணாகும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். நடுத்தர வாசிப்பு 60க்கும் 80க்கும் நடுவே வரும்வரை அதை வளைத்துச் சேமியுங்கள். நான் முதல் கீபோர்டை மட்டம் என்று திட்டிக்கொண்டே மூன்று ஆண்டுகள் வாசித்தேன். விற்கும் நாளில், வாங்க வந்த பையன் இந்த ஒரு அமைப்பை மாற்றிவிட்டு வாசித்துக் காட்டினான். அதற்குள் முன்பணம் கைமாறிவிட்டது.